மூன்று கன்ட்ரோலர், ஒன்பது ஒன்பதுகள்: இந்தக் கணக்கை நம்பலாமா?

முல்லை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் டேட்டா சென்டர் வலையமைப்பை எஸ்டிஎன்-க்கு (பாதை முடிவுகளை ஸ்விட்சுகளிலிருந்து எடுத்து, கன்ட்ரோலர் என்ற மைய மென்பொருளிடம் கொடுக்கும் முறை) மாற்றப் போகிறார்கள். அதன் கிடைப்புத்தன்மை, நம்பகத்தன்மை பற்றிய மதிப்பீட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வடிவமைப்பு வழக்கமானதுதான். சர்வர்கள் தொங்கும் ஒவ்வொரு லீஃப் ஸ்விட்சும் நடுவில் உள்ள இரண்டு ஸ்பைன் ஸ்விட்சோடு இணையும், மேலே மூன்று கன்ட்ரோலர் கொண்ட ஒரு கிளஸ்டர். ஸ்விட்சுகள் கன்ட்ரோலரோடு ஓப்பன்ஃப்ளோ என்ற நெறிமுறையில் பேசும். சர்வர்களுக்குள் ஓப்பன் வீஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்ச்.

விற்பனையாளர் தந்த தாளில் கணக்கு இப்படி இருக்கிறது: ஒரு கன்ட்ரோலரின் கிடைப்பு 99.9%. மூன்றும் ஒன்றாக விழும் வாய்ப்பு 0.001 × 0.001 × 0.001, அதாவது நூறு கோடியில் ஒன்று. ஆகவே கன்ட்ரோல் பிளேன் (முடிவெடுக்கும் பகுதி) 99.9999999%. வருடத்துக்கு ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு தடங்கல்!

இது நடக்கிற காரியம் இல்லை என்று தெரிகிறது. ஆனால் எங்கே இடிக்கிறது என்று மேலிடத்துக்குப் புரியும்படி எழுத வரவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கோவ்மணி:

இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது.

சின்னது: மூன்றும் விழுந்தால்தான் கிளஸ்டர் விழும் என்று தாள் சொல்கிறது. ராஃப்ட் மாதிரியான ஒருமிப்பு முறையில் (ஒரு லீடரைத் தேர்ந்து, எல்லோரும் ஒரே பதிவை வைத்திருக்கும் முறை) ஓடும் கிளஸ்டருக்குப் பெரும்பான்மை வேண்டும். மூன்றில் இரண்டு விழுந்தாலே மிச்சமிருக்கும் ஒன்று எதையும் எழுத முடியாமல் நிற்கும். அப்போது வாய்ப்பு 3 × 0.001 × 0.001, அதாவது பத்து லட்சத்தில் மூன்று. வருடத்துக்கு ஒன்றரை நிமிடம். தாளில் உள்ளதைப் போல மூவாயிரம் மடங்கு. "நாலாவது ஒன்றைச் சேர்த்தால்?" என்று யாராவது கேட்பார்கள். நாலுக்கு மூன்று பேர் பெரும்பான்மை, ஆகவே அங்கேயும் இரண்டு விழுந்தால் கதை முடிந்தது. அந்த இரண்டு எவை என்பதற்கு ஆறு வழி. நாலு கன்ட்ரோலர் மூன்றைவிட மோசம்.

பெரியது: ஒன்று விழுவதற்கும் மற்றொன்று விழுவதற்கும் சம்பந்தமே இல்லை என்ற அனுமானம். மூன்றிலும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு, ஒரே உள்ளீடு. ஒரு கோணலான பாக்கெட் ஒன்றைச் சாய்த்தால், லீடர் பதவிக்கு அடுத்து வருபவருக்கும் அதே பாக்கெட்தான் போகும். இதற்கு நம்பகவியலில் பீட்டா காரணி என்ற பழைய முறை உண்டு. ஐஇசி 61508 தரநிலையிலும் இருக்கிறது. தோல்விகளில் ஒரு பங்கு எல்லோரையும் சேர்த்துச் சாய்க்கும் என்று வைத்துக்கொள்வது. அந்தப் பங்கு பத்தில் ஒன்று என்று வையுங்கள். இது என் அனுமானம்தான், அளந்த எண் அல்ல. 0.1 × 0.001 என்பதே 0.0001. மற்றதெல்லாம் அதன் பக்கத்தில் தூசி. கிடைப்பு 99.99%-ஐ ஒட்டி வந்து நிற்கும். வருடத்துக்கு 54 நிமிடம்.

இப்போது மூன்றை ஐந்தாக்கிப் பாருங்கள். 54 நிமிடம் 53-க்கு அருகில் வரும். இரண்டு கூடுதல் இயந்திரத்துக்கு லாபம் வருடத்துக்கு ஒரு நிமிடம்! பீட்டாவைப் பாதியாக்கினால் லாபம் 26 நிமிடம். எதில் உழைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

பழையரவுட்டர்:

மணி சார் கணக்கு சரி. ஆனால் அடிப்படையையே ஒருமுறை கேட்டுவிடலாம். ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற வழித்தட நெறிமுறைகள் ஓடும் வலையமைப்பில் ஒரு ரவுட்டர் செத்தால் பக்கத்து ரவுட்டர்கள் தாங்களே பேசி வழி கண்டுபிடித்துக்கொள்ளும். மூளை ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தது. எஸ்டிஎன்-இல் அதைப் பிடுங்கி ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் அந்த ஓர் இடம் விழுந்தால் என்ன செய்வது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறோம்.

கூகுளுக்கே 2019 ஜூன் 2 அன்று என்ன ஆனது? ஒரு பராமரிப்பு வேலைக்கான தானியங்கி மென்பொருள், வலையமைப்பின் கன்ட்ரோல் பிளேன் ஜாப்களைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டது. அவர்களே வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் தீங்கில்லாத இரண்டு தவறான அமைப்புகள், கூடவே ஒரு பக். மூன்றும் சேர்ந்தன. வெவ்வேறு ஊரில் இருந்த கிளஸ்டர்கள் ஒன்றாக அணைந்தன. எந்த பீட்டா காரணியில் இதைப் போடுவீர்கள்?

மார்க்கோவ்மணி:

இதைத்தான் பீட்டாவில் போட வேண்டும். வேறெங்கே போடுவது? "வெவ்வேறு இடத்தில் இருக்கிறது, அதனால் சுதந்திரமானது" என்று சொல்லாதே என்பதுதான் அந்தச் சம்பவத்தின் பாடம். இடம் வேறு, ஆனால் அவற்றை நிறுத்தும் கை ஒன்று.

இரவுப்பணி:

ரவுட்டர் அண்ணே, அந்த அறிக்கையின் மறுபாதியையும் சொல்லுங்கள். கன்ட்ரோல் பிளேன் அணைந்த அந்த நிமிடமே டிராஃபிக் நிற்கவில்லை. ஸ்விட்சுகள் கடைசியாக வாங்கிய விதிகளை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டின. அப்படி ஓடட்டும் என்றே வடிவமைத்திருந்தார்கள். அந்த நேரம் தீர்ந்த பிறகுதான் பிஜிபி வழிகள் திரும்பப் பெறப்பட்டு, கொள்ளளவு சரிந்து, நெரிசல் வந்தது. அப்புறம் சரிசெய்யப் போனவர்களின் கருவிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன.

முல்லை, உங்கள் அறிக்கையில் இதுதான் நடுவில் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் எத்தனை முறை விழும் என்பது பாதிக் கேள்வி. அது விழுந்து கிடக்கும்போது ஸ்விட்ச் என்ன செய்யும், எவ்வளவு நேரம் செய்யும் என்பது மறுபாதி. நான் பார்த்த விற்பனைத் தாள் எதிலும் இந்த மறுபாதி இருந்ததில்லை.

உங்களிடம் ஓப்பன் வீஸ்விட்ச் இருக்கிறது என்றீர்கள். அதில் ஃபெயில் மோட் என்று ஓர் அமைப்பு உண்டு, பார்த்தீர்களா?

முல்லை:

பார்க்கவில்லை. எதையும் மாற்றவில்லை என்றால் என்ன இருக்கும்?

இரவுப்பணி:

எதுவும் எழுதாமல் விட்டால் வழக்கமாக ஸ்டாண்டலோன்தான். அதாவது கன்ட்ரோலரிடமிருந்து மூச்சே வரவில்லை என்றால், சோதனை இடைவெளியைப் போல் மூன்று மடங்கு நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சாதாரண மேக் கற்கும் (எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று தானே அறியும்) ஸ்விட்ச் போல நடக்க ஆரம்பிக்கும். இடைவெளி இயல்பாக 5 நொடி, ஆக 15 நொடி.

கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். எல்லா லீஃபும் இரண்டு ஸ்பைனுக்கும் போகின்றன. படம் முழுக்க வளையம். கன்ட்ரோலர் இருக்கும்வரை அது வளையத்தைப் பார்த்துப் பாதை போடுகிறது. இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும் பிரிட்ஜுகளும் ஸ்விட்சுகளும் ஒன்றாக "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று கிளம்பினால், வளையத்தை வெட்டும் ஸ்பானிங் ட்ரீயும் ஓடவில்லை என்றால், முதல் பிராட்காஸ்ட் பாக்கெட் சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் நிற்காது. கன்ட்ரோலர் எழுந்து வந்தாலும் அந்தப் புயலுக்குள் ஸ்விட்சோடு பேச வழி கிடைக்காது.

இதை நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நேரில் பார்த்தேன். கன்ட்ரோலரில் நடந்தது சாதாரண ரீஸ்டார்ட். மெதுவாக எழுந்தது, அவ்வளவுதான் அதன் குற்றம். லிங்க் விளக்குகள் எல்லாம் சிமிட்டுவதை நிறுத்தி ஒரேயடியாக எரிய ஆரம்பித்தபோதே தெரிந்துவிட்டது. கடைசியில் ஸ்பைன் ஒன்றின் கேபிள்களைக் கையால் பிடுங்கித்தான் அடக்கினோம். பிறகு எழுதிய அறிக்கையில் "கன்ட்ரோலர் தோல்வி" என்றே பதிவானது. தோற்றது அது இல்லை.

செக்யூர் மோடில் போட்டால் ஸ்விட்ச் தானாக எதுவும் செய்யாது. இருக்கும் விதிகளை வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஃபேப்ரிக்குக்கு (இந்த லீஃப்-ஸ்பைன் வலைக்கு) இதுதான் சரி. அதுவும் விதிகளுக்குக் காலாவதி இல்லாமல் இருந்தால் மட்டும். கன்ட்ரோலர் ஒவ்வொரு புது ஃப்ளோவுக்கும் (பாக்கெட் ஓட்டத்துக்கும்) காலாவதியோடு விதி போடும் வகை என்றால், டைமர் முடிய முடிய விதிகள் ஒவ்வொன்றாக உதிரும்.

பூஜ்ஜியம்:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏஆர்பி: ஓர் ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை. பல வடிவமைப்புகளில் ஏஆர்பி கேள்விகளைக் கன்ட்ரோலரே வாங்கிப் பதில் சொல்லும். கன்ட்ரோலர் போனதும் முதல் சில நொடிகள் எல்லாம் பச்சை. டாஷ்போர்டைப் பார்ப்பவர் "ஒன்றும் ஆகவில்லை" என்பார். லினக்ஸ் சர்வரில் ஓர் அண்டை முகவரியின் செல்லுபடி நேரம் 30 நொடியை ஒட்டி இருக்கும். மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி தொடர்பு அந்தப் பதிவைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சும்மா கிடந்த தொடர்பு மறுபடி பேச வரும்போது முகவரியைக் கேட்கும், பதில் வராது. ஆக அதிகம் பேசும் சர்வர்கள் பிழைக்கும், எப்போதாவது பேசும் பேக்கப், கண்காணிப்பு, உரிமச் சர்வர் போன்றவை முதலில் போகும். புகார் வருகிற வரிசையைப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத கோளாறுகள் மாதிரி இருக்கும்.

முல்லை:

இப்போது குழப்பம் கூடிவிட்டது. வலையமைப்பு "இருக்கிறது" என்பதற்கே எனக்கு வரையறை இல்லாமல் போய்விட்டது. கன்ட்ரோலர் இல்லை, ஆனால் பாதி டிராஃபிக் ஓடுகிறது. இது கிடைப்பா, தடங்கலா?

மார்க்கோவ்மணி:

அந்தக் குழப்பம் நல்லது. பாரம்பரிய வலையமைப்பில் பெட்டி உயிரோடு இருந்தால் இரண்டு பிளேனும் (முடிவெடுப்பது, பாக்கெட்டைக் கடத்துவது) இருக்கும் என்று வைத்து ஒரே எண்ணில் முடித்துக்கொண்டார்கள். இங்கே இரண்டாகப் பிரிந்து கிடப்பதால் குறைந்தது மூன்று எண்ணாவது வேண்டும். கன்ட்ரோல் பிளேன் கட்டளை ஏற்கும் நிலையில் இருக்கும் விகிதம். ஏற்கெனவே ஓடும் டிராஃபிக் ஓடிக்கொண்டிருக்கும் விகிதம். புதிதாக ஒன்று (புது விஎம், அதாவது மெய்நிகர் இயந்திரம், இடம் மாறிய விஎம், அறுந்த லிங்குக்கு மாற்றுப் பாதை) கேட்டால் குறித்த நேரத்துக்குள் கிடைக்கும் விகிதம். மூன்றாவதுதான் பயனருக்கு வலிக்கும் இடம். அதைத்தான் யாரும் அளப்பதில்லை.

எளிய மாதிரி ஒன்று சொல்கிறேன். கன்ட்ரோலர் விழுந்தால் எழ ஆகும் நேரம் சராசரி 10 நிமிடம், அடுக்குக்குறிப் பரவலில் (நீளம் கூடக் கூட வாய்ப்பு வேகமாகக் குறையும்) இருக்கிறது என்று வையுங்கள். தலையில்லாமல் வலையமைப்பு 30 நிமிடம் தாங்கும் என்றால், கன்ட்ரோலர் இல்லாத மொத்த நேரத்தில் 5% மட்டுமே அந்தத் தாங்கும் எல்லையைத் தாண்டி விழும். மேலே வந்த 54 நிமிடம் மூன்று நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். ஐந்து கன்ட்ரோலர் தந்த ஒரு நிமிட லாபத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாங்கும் நேரத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும்.

பழையரவுட்டர்:

அடுக்குக்குறிப் பரவல்! சார், நிஜத் தடங்கல் அந்தக் கோட்டில் நடக்குமா? பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தில் முடியும், எப்போதாவது ஒன்று மணிக்கணக்கில் இழுக்கும். அந்த ஒன்றுதான் பேப்பரில் வரும். 30 நிமிடத் தாங்குதிறன் இரண்டு நிமிடத் தடங்கலை மறைக்கும், நாலு மணி நேரத் தடங்கலுக்கு முன் அதற்கு மதிப்பே கிடையாது.

மார்க்கோவ்மணி:

ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம். வால் நீண்ட பரவலில் லாபம் குறையும், எவ்வளவு என்பது உங்கள் சொந்தத் தடங்கல் பதிவுகளைப் பொறுத்தது. அதற்காகத்தான் முல்லை ஒரே எண்ணைக் கொடுக்காமல், ஒவ்வோர் அனுமானத்தையும் ஆட்டிப் பார்த்து விடை எவ்வளவு ஆடுகிறது என்று காட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒன்று புரியும்: தனித்தனியாக வரும் வன்பொருள் பழுதின் வீதத்தை இரட்டிப்பாக்கினால் விடை பெரிதாக அசைவதில்லை. பீட்டா, பழுதைக் கண்டுபிடிக்கும் நேரம், மீட்பு நேரம் மூன்றும்தான் ஆட்டுகின்றன.

சதாகேள்வி:

இடையில் ஒரு சந்தேகம். ராஃப்ட் இருக்கும்போது லீடர் போனால் சில நூறு மில்லிநொடியில் அடுத்த லீடர் வந்துவிடுமே? ராஃப்ட் கட்டுரையிலேயே தேர்தல் காலக்கெடு 150 முதல் 300 மில்லிநொடி என்று பரிந்துரை இருக்கிறது. பிறகு எதற்கு 15 நொடி, 30 நிமிடம் என்றெல்லாம் பேசுகிறோம்?

பூஜ்ஜியம்:

லீடர் சுத்தமாகச் செத்தால் நீங்கள் சொல்வது நடக்கும். பாதி செத்தால்?

க்ளவுட்ஃப்ளேரின் 2020 நவம்பர் 2 சம்பவத்தைப் படித்துப் பாருங்கள். எஸ்டிஎன் கன்ட்ரோலர் இல்லை, ஆனால் அதே ராஃப்டில் ஓடும் மூன்று நோடு எட்ஸிடி (அமைப்புத் தரவுச் சேமிப்பு) கிளஸ்டர். ஒரு ஸ்விட்ச் முழுசாகச் சாகவில்லை, அரைகுறையாகப் பழுதானது. அதனால் ஒரு நோடுக்கு லீடரோடு மட்டும் பேச முடியவில்லை. நடுவில் இருந்த மற்றொரு நோடுக்கு இருவரோடும் பேச முடிந்தது. லீடரைக் காணாத நோடு "லீடர் இல்லை, தேர்தல் நடத்து" என்று மறுபடி மறுபடி கிளப்பியது. ஒவ்வொரு தேர்தலும் ஓடிக்கொண்டிருந்த லீடரைக் கவிழ்த்தது. மூன்று நோடும் உயிரோடு இருந்தன, பெரும்பான்மையும் இருந்தது, ஆனால் எதையும் எழுத முடியவில்லை. அங்கே தொடங்கிய சங்கிலியில் அவர்களுடைய ஏபிஐ-யும் டாஷ்போர்டும் 6 மணி 33 நிமிடம் பாதிக்கப்பட்டன.

இதை எஸ்டிஎன்-க்குக் கொண்டுவந்தால் இன்னும் மோசம். கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசும் பாதையே, அவை கட்டுப்படுத்தும் ஸ்விட்சுகள் வழியாகப் போகிறது என்றால்? ஸ்விட்ச் பழுதாகிறது, அதனால் கன்ட்ரோலர்கள் பிரிகின்றன, பிரிந்ததால் புது விதி எழுத முடியவில்லை, எழுத முடியாததால் பழுதைச் சுற்றிப் பாதை போட முடியவில்லை. முல்லையின் கணக்கில் ஸ்விட்ச் ஒரு பெட்டி, கன்ட்ரோலர் இன்னொரு பெட்டி என்று தனித்தனியாகப் பெருக்கியிருப்பார்கள். அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமே கிடையாது. முதல் கேள்வி: உங்கள் கட்டுப்பாட்டு வலை தனியா, அதே கம்பியிலா?

முல்லை:

அதே கம்பிதான். தனி வலைக்குப் பட்ஜெட் இல்லை என்றார்கள்.

பூஜ்ஜியம்:

அப்படியென்றால் அறிக்கையின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். 99.9-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

இரவுப்பணி:

சதாகேள்விக்கு இன்னொரு துண்டு. ஓனாஸ், ஓப்பன்டேலைட் என்ற இரண்டு கன்ட்ரோலர் மென்பொருளும் ஜாவா. மெமரி நெருக்கடியில் கார்பேஜ் கலெக்ஷன் (பயனற்ற நினைவகத்தைத் துப்புரவு செய்வது) நீண்ட நேரம் நிறுத்தி வைத்தால், உயிரோடு இருக்கும் லீடரை மற்றவர்கள் செத்ததாக எண்ணிவிடுவார்கள். காலக்கெடுவைக் குறைத்தால் பொய்த் தேர்தல் கூடும், கூட்டினால் நிஜப் பழுது தாமதமாகத் தெரியும். 150 மில்லிநொடி என்பதை அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியாது.

பழையரவுட்டர்:

சரி, லிங்க் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். தொலைத்தொடர்புக்காரர்கள் பழைய எஸ்டிஎச் ஒளியிழை வலைகளின் காலத்திலிருந்து 50 மில்லிநொடிக்குள் மீள வேண்டும் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்விட்ச் கவனித்து, கன்ட்ரோலருக்குச் சொல்லி, அது கணக்குப் போட்டு, பத்து ஸ்விட்சுக்கு விதி அனுப்பி... 50 மில்லிநொடியில் முடியுமா?

மார்க்கோவ்மணி:

முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. 2011-இல் வந்த ஓப்பன்ஃப்ளோ 1.1-லேயே ஃபாஸ்ட் ஃபெயில்ஓவர் குரூப் இருக்கிறது. மாற்றுப் பாதையைக் கன்ட்ரோலர் முன்கூட்டியே ஸ்விட்சில் எழுதி வைத்துவிடும். போர்ட் செத்தால் ஸ்விட்ச் யாரையும் கேட்காமல் அடுத்ததுக்கு மாறும். லிங்க் உயிரைச் சோதிக்கும் பிஎஃப்டி-யை 10 மில்லிநொடிக்கு ஒன்று, மூன்று தவறினால் செத்தது என்று வைத்தால் 30 மில்லிநொடியில் தெரிந்துவிடும். பெட்டி அதைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். கன்ட்ரோலர் நிதானமாக வந்து நல்ல பாதையைப் போடட்டும்.

இரவுப்பணி:

எழுதி வைத்தது நிஜமாகவே ஸ்விட்சில் இறங்கியிருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். பேரியர் செய்தி அனுப்பினால் முன்னே அனுப்பியதெல்லாம் முடிந்தபின்தான் பதில் வர வேண்டும் என்பது விதி. சில ஸ்விட்சுகள் விதி ஹார்டுவேர் டேபிளில் இறங்குவதற்கு முன்பே "முடிந்தது" என்று பதில் சொல்லிவிடுகின்றன. 2015-இல் வந்த ஓர் அளவீட்டு ஆய்வில் இது தெளிவாகக் காட்டப்பட்டது. கன்ட்ரோலர் பதிலை நம்பிப் பழைய பாதையைக் கலைத்துவிடும். புதுப் பாதை இன்னும் இறங்கியிருக்காது. நடுவில் போகும் பாக்கெட்டுகள் காற்றில் போகும். எந்த லாக்கிலும் பிழை இருக்காது.

பழையரவுட்டர்:

தம்பி, நீ சொல்லச் சொல்ல என் பக்கம்தான் பலமாகிறது. 🙂

இரவுப்பணி:

இல்லை அண்ணே. பழைய வலையமைப்பில் இதெல்லாம் நடக்கவில்லை என்று யார் சொன்னது? ஒவ்வொரு பெட்டியிலும் ஒளிந்துகிடந்தது, அதனால் யாரும் எண்ணவில்லை. எஸ்டிஎன்-இல் ஓர் இடத்தில் குவிந்திருப்பதால் எண்ண முடிகிறது, திருத்தவும் முடிகிறது. கூகுளின் டேட்டா சென்டர்களை இணைக்கும் பி4 என்ற எஸ்டிஎன் வலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் பெரிய தடங்கல் ஒன்றை ஒளிக்காமல் எழுதினார்கள். ஸ்விட்சுகளை இடம் மாற்றும்போது இரண்டுக்குக் கையால் ஒரே அடையாள எண் கொடுத்துவிட்டார்கள், அதிலிருந்து எல்லாம் ஆட்டம் கண்டது. 2018-இல் வந்த அடுத்த கட்டுரையில் அதே வலை 99%-இலிருந்து 99.99%-க்கு எப்படி நகர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் டிராஃபிக் நூறு மடங்கு ஆகியிருந்தது. பெரிய பங்கு வகித்தது, கட்டுப்பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு போனால் மற்றது பாதிக்காமல் வைத்ததுதான். ஒரு துண்டுக்குள் இன்னும் இரண்டு கன்ட்ரோலரைச் சேர்த்து அந்த 99.99 வரவில்லை.

பழையரவுட்டர்:

ஆக மூளையைப் பிரித்துத் திரும்பப் பல இடங்களில் வைத்தார்கள் என்கிறாய். இதைத்தானே முதலிலிருந்தே சொல்கிறேன்!

பூஜ்ஜியம்:

பல இடம் என்பதற்கும் எல்லா இடமும் என்பதற்கும் நடுவில் நிறைய வெளி இருக்கிறது. அந்த வெளியில் எங்கே கோடு போடுவது என்பதுதான் வடிவமைப்பு. இதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம், முல்லையின் அறிக்கை நிற்கிறது.

இதுவரை யாரும் தொடாத ஒன்று: மனிதக் கை. கூகுள் தன் வலையமைப்புகளில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட தோல்விகளை அலசி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தோல்விகளில் பெரும்பங்கு ஏதோ ஒரு மேலாண்மை வேலை நடந்துகொண்டிருந்தபோதே வந்தது என்று கண்டார்கள். மேம்படுத்தல், அமைப்பு மாற்றம், கொள்ளளவு சேர்ப்பு, இப்படி. 2019 சம்பவமும் பராமரிப்பு வேலைதான், 2013 கட்டுரையில் உள்ளதும் இடமாற்ற வேலைதான். உங்கள் விற்பனையாளர் தாளில் உள்ள 99.9-க்குள் மேம்படுத்தல் நேரம் சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் "திட்டமிட்ட பராமரிப்பு நீங்கலாக" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். எஸ்டிஎன்-இல் கன்ட்ரோலர் மென்பொருள் அடிக்கடி மாறும். அந்த வரியின் கீழே ஒளிந்திருக்கும் நேரம், மேலே எழுதியிருக்கும் நேரத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

முல்லை:

பார்த்தேன். இருக்கிறது. எட்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பில்.

இன்னொரு கேள்வி, மணி சார். அந்த 99.9 என்ற எண்ணே எங்கிருந்து வருகிறது? வன்பொருளுக்கு வருடக்கணக்கான பழுதுப் பதிவு இருக்கும். கன்ட்ரோலர் மென்பொருளின் இந்தப் பதிப்பு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது.

மார்க்கோவ்மணி:

நேர்மையாகச் சொன்னால், அது பெரும்பாலும் இலக்குதான், அளவீடு அல்ல. மென்பொருள் தேய்ந்து பழுதாவதில்லை. ஒரு பக் இருக்கிறது, அதைத் தொடும் சூழ்நிலை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதுதான் வீதம். வேறொரு வாடிக்கையாளரிடம் வருடம் முழுக்க ஓடியது என்பது, உங்கள் டிராஃபிக்கில் ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. பதிப்பு மாறினால் பழைய பதிவின் எடை குறைந்துவிடும். நீண்ட நேரம் ஓடினால் மெமரி கசிந்து மந்தமாவது தனிக் கதை. அதற்கு முறை வைத்து ரீஸ்டார்ட் செய்வதும் ஒரு மருந்துதான், ஆனால் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் மூன்றும் ஒரே வேகத்தில் கசியும். அங்கேயும் பீட்டா.

அதனால் 99.9-ஐ உள்ளீடாக எடுக்காதீர்கள். தலைகீழாகப் போங்கள். பயனருக்கு இவ்வளவு வேண்டும், தலையில்லாமல் இவ்வளவு நேரம் தாங்குவதை அளந்தோம், ஆகவே கன்ட்ரோலர் இவ்வளவு நேரத்துக்குள் எழுந்தாக வேண்டும் என்று வாருங்கள். மீட்பு நேரத்தைச் சோதனைக்கூடத்தில் அளக்க முடியும். பழுது வீதத்தை அளக்க வருடங்கள் வேண்டும்.

முல்லை:

அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். இப்போது முதல் பக்கத்தில் இருப்பது:

"கட்டுப்பாட்டுப் பாதை தரவுப் பாதையோடு ஒரே கம்பியில் செல்கிறது. ஆகவே இரண்டின் தோல்விகளையும் தனித்தனியானவையாகக் கொள்ளவில்லை. பொதுக் காரணத் தோல்வி பத்தில் ஒரு பங்கு என்ற அனுமானத்தில் கன்ட்ரோல் பிளேன் கிடைப்பு 99.99%-ஐ ஒட்டியது. இருபதில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை ஆட்டியபோது தடங்கல் வருடத்துக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு வரை மாறுகிறது. திட்டமிட்ட பராமரிப்பு இதில் சேரவில்லை. கன்ட்ரோலர் இல்லாமல் வலையமைப்பு தாங்கும் நேரம்: அளக்கப்படவில்லை."

அந்தக் கடைசி வரியோடு அனுப்பினால் ஏற்பார்களா?

பழையரவுட்டர்:

ஏற்றால்தான் பயப்பட வேண்டும். சோதனைக்கூடம் இருக்கிறதல்லவா? அளந்துவிட்டு அனுப்பு. எஸ்டிஎன் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் இந்த அளவீட்டோடு வரும் அறிக்கை என்றால் நான் உட்கார்ந்து படிப்பேன்.

முல்லை:

இருக்கிறது அண்ணே. இரண்டு ஸ்பைன், நாலு லீஃப். கன்ட்ரோலர்களை எப்படி வீழ்த்துவது? ப்ராசஸைக் கில் செய்வதா, கேபிளைப் பிடுங்குவதா?

இரவுப்பணி:

இரண்டும் செய்யுங்கள், ஆனால் அவை சுலபமான கேள்விகள். கில் செய்தால் ஆபரேட்டிங் சிஸ்டமே தொடர்பை மூடிச் சொல்லிவிடும், ஸ்விட்சுக்கு உடனே தெரியும். கேபிளைப் பிடுங்கினால் சோதனைச் செய்திக்குப் பதில் வராமல் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கஷ்டமானது, ப்ராசஸை ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வைப்பது. டிசிபி தொடர்பு திறந்தே இருக்கும், கர்னல் ஒழுங்காக ஏற்புச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். லீடரை மட்டும் உறைய வைத்து, அதே நேரத்தில் ஒரு ஸ்பைன் லிங்கை அறுத்துப் பாருங்கள். சும்மா கிடக்கும் தொடர்புகள் சிலவற்றையும் திறந்து வையுங்கள், பூஜ்ஜியம் சொன்ன ஏஆர்பி விஷயம் அப்போதுதான் வெளியே வரும். பிறகு சிக்னலை எடுத்துவிட்டு, உறைந்திருந்த பழைய லீடர் விழித்ததும் தான்தான் இன்னும் லீடர் என்று நினைத்து ஸ்விட்சுக்கு எதையாவது எழுதப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஓப்பன்ஃப்ளோவில் மாஸ்டர் பதவிக்கு ஒரு தலைமுறை எண் உண்டு. பழைய எண்ணோடு பதவி கேட்டால் ஸ்விட்ச் மறுக்க வேண்டும், பதவி போனவர் அனுப்பும் விதியையும் ஏற்கக் கூடாது. உங்கள் ஸ்விட்ச் அப்படி நடக்கிறதா என்பதை பாக்கெட் கேப்சர் எடுத்து இங்கே போடுங்கள்.